சந்திரவதனா ஒழுங்குசெய்த வேட்டை

வேட்டைத் துவக்கு இருக்கும் வீட்டில் எட்டு வருடமாகக் குடியிருந்தும், அது வைக்கப்பட்டிருந்த கராஜுக்குள் சந்திரவதனா ஒருநாளும் காலடி வைத்ததில்லை. சிட்னியின் கிரவீனில் அவர்களுடைய வீட்டோடு ஒட்டிய கராஜ் அது. உள்ளே சீமெந்துத் தரையோடு இறுக்கிய இரும்புப் பெட்டி. பெட்டி சட்டப்படி இருக்கிறதா என்று பார்க்கப் பொலிஸ்காரர் வரும் நாட்களில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வென்ட்வேர்த்வில் கடைகளுக்குப் போய்விடுவாள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் முன்பு கராஜில்தான் இருந்தது. துவக்கு வந்த கிழமையே அதைக் குளியலறைப் பக்கம் மாற்றச் செய்துவிட்டாள்.

துவக்கு அவளுடைய கணவன் சுஜீதனுடையது. சுப்பர் மார்க்கெட்டுகளின் குளிர் அறைகளைத் திருத்துவது அவன் தொழில். கூட வேலை செய்யும் டரன் என்பவன் ஒருமுறை கோபார் ஊர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு அவனைக் கூட்டிப் போனான். பண்ணைக்காரருக்குத் தொல்லையாகிவிட்ட காட்டு ஆடுகளைச் சுடுவதற்கு. அந்தப் பயணம் சுஜீதனைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போவான். இறைச்சியைத் துப்புரவாக வெட்டி, ஐஸ் போட்டு அடுக்கிக் கொண்டுவருவான். சந்திரவதனா கறி வைப்பாள். எங்கே சுட்டது, எப்படிச் சுட்டது என்று கேட்கமாட்டாள். அவனும் சொல்லமாட்டான்.

இருவருக்கும் நடுவில் கேட்காமலும் சொல்லாமலும் கிடந்த விசயம் வேறொன்றும் இருந்தது. சுஜீதன் தொண்ணூறுகளின் கடைசியில் படிப்பதற்காகச் சிட்னிக்கு வந்தவன். இலங்கை யுத்தத்தின் கடைசி மாதங்களை அவன் கணினித் திரையில்தான் பார்த்தான். சந்திரவதனா அதற்குள் இருந்தவள். ஆஸ்பத்திரி ஒவ்வொரு பள்ளிக்கூடமாக இடம் மாறிக்கொண்டிருந்த நாட்களில் காயக்காரருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணமாகி இங்கே வந்து, படித்து, இரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சின்னக் கிளினிக். ஊசிக்குப் பயந்தவர்கள் அவளுடைய நாள் எது என்று கேட்டுத் தேடி வருவார்கள்.

சுஜீதனுக்கு ஐம்பது வயது வந்த கிழமை, சாப்பிட்டு முடித்துக் குசினிக் கதிரையில் இருந்தபடியே தன் போனை அவள் பக்கம் திருப்பினான்.

“இதைப் பாரும்.”

திரையில் பனி மூடிய மலை. செங்குத்துப் பாறையின் விளிம்பில், கழுத்தைச் சுற்றிப் பிடரி மயிர் காற்றில் அலைய ஒரு கிடாய் நின்றது. நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள மலையாடு என்றான் சுஜீதன். நூறு வருடத்துக்கு முதல் இமயமலையிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். தமிழ்நாட்டு வரையாட்டைப் போன்றது. பெருகிப்போய் மலைப் புல்லையெல்லாம் தின்று தீர்ப்பதால் அரசாங்கமே சுடச் சொல்லுகிறது.

“அடுத்த ஜூனிலை போகலாமெண்டு யோசிக்கிறன். குளிர் காலத்திலைதான் அந்தப் பிடரி நல்லா வளர்ந்திருக்குமாம்.”

“ஆரோடை?”

“கைட் ஒராளைப் பிடிக்கவேணும். இடம் தெரியாத வெளிநாட்டு ஆக்கள் தனியப் போற மலையில்லை அது.”

அப்போது வீடியோவில் ஹெலிகொப்டர் ஒன்று மலை இடுக்கால் ஏறி வந்தது. வேட்டைக்காரரை உச்சியில் இறக்கிவிட வருகிறது. சுஜீதன் சத்தத்தைக் குறைப்பதற்குள் சந்திரவதனா எழும்பிவிட்டாள். கையில் இருந்த கோப்பையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனாள். மதிலோடு ஒட்டி நின்றாள். சுஜீதன் கதவு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் மலையைப் பற்றிய பேச்சே இல்லை. சனிக்கிழமை மகள் துளசிகாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது, காருக்குள் சந்திரவதனா சொன்னாள்.

“நானும் வாறன்.”

“எங்கை?”

“மலைக்கு.”

சுஜீதன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டான். “நீர் துவக்குச் சத்தமே கேக்கமாட்டீர். அங்கை வந்து என்ன செய்யப்போறீர்?”

“அது என்ரை பிரச்சினை. நீங்கள் மலையிலை நிக்க, நான் இஞ்சை போனைப் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். ஒருக்கா அப்பிடி இருந்தனான். தம்பி தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவன். நான் அந்தப் பள்ளிக்கூட வாசல்லை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். இனி ஒருத்தருக்காகவும் அப்பிடி இருக்க ஏலாது.”

அவளுடைய தம்பி அந்த யுத்தத்தில் செத்தது சுஜீதனுக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போனது தெரியாது. சமிக்ஞை விளக்கில் காரை நிறுத்தி முன்னே பார்த்தபடி இருந்தான்.

“இன்னொண்டு,” என்றாள் அவள். “ஹெலிகொப்டர் இல்லாமல் போகவேணும். நடந்து போவம்.”

அன்றிலிருந்து பயணத்தை ஒழுங்கு செய்யும் வேலை சந்திரவதனாவின் கைக்கு மாறியது. சுஜீதன் வீடியோ பார்க்கிற ஆள். அவள் கேள்வி கேட்கிற ஆள். மத்தியான இடைவேளையில் காருக்குள் இருந்து கைட்மாருக்குப் போன் எடுத்தாள். முதல் ஆள், எல்லாம் தன் பொறுப்பு, கவலைப்படவேண்டாம் என்று சிரித்தார். என்னென்ன பொறுப்பு என்று அவள் கேட்க, திரும்பவும் சிரித்தார். இரண்டாம் ஆள் ஹெலிகொப்டர் இல்லாமல் தான் ஆட்களை எடுப்பதில்லை என்றார். மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் றொஸ். அறுபது வயதுக்காரர். பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பவர்.

“நடந்து போகலாம்,” என்றார் றொஸ். “பள்ளத்தாக்கு வழியாக ஒரு பகல் நடை. கடைசியில் ஒரு குடில் இருக்கிறது. அதில் தங்கி மேலே ஏறவேண்டும். ஹெலிகொப்டரில் வருபவர்கள் பார்க்கும் அளவுக்கு ஆடுகள் பார்க்கக் கிடைக்காது. உங்கள் கணவருக்குச் சம்மதமா?”

“சம்மதம். அந்த நிலத்தில் ஆட்களைக் கூட்டிப் போக உங்களிடம் அரசாங்க அனுமதி இருக்கிறதா?”

“இருக்கிறது. அனுப்புகிறேன்.”

“என் கணவர் தன் துவக்கைக் கொண்டுவர வேண்டுமா?”

“அவர் இங்கே குடியிருப்பவர் இல்லை. கொண்டுவருவதென்றால் எங்கள் பொலிசிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். என்னுடைய துவக்கால், நான் பக்கத்தில் நிற்கும்போது சுடுவதென்றால் அது தேவையில்லை.”

“அப்படியே செய்வோம். மலையில் நீங்கள் விழுந்தால் நாங்கள் என்ன செய்வது?”

“பீக்கன் என்று கையளவு கருவி ஒன்று இருக்கிறது. அதன் பொத்தானை அமத்தினால் வானத்தில் சுற்றும் செய்மதி வழியாக மீட்புக் குழுவுக்கு நாங்கள் இருக்கும் இடம் தெரியும். உங்களிடம் ஒன்று தருகிறேன். என்னிடமும் ஒன்று இருக்கும்.”

“அமத்தினால் எப்படி வருவார்கள்?”

“ஹெலிகொப்டரில்.”

“வேறு வழி?”

“அந்த இடத்துக்கு வேறு வழி இல்லை, சந்திரா.”

போனை வைத்த பிறகும் அவள் காரை விட்டு இறங்கவில்லை. இடைவேளை முடிந்து, கூட வேலை செய்யும் ஒரு பிள்ளை அவளைத் தேடிக் கிளினிக் வாசலுக்கு வந்தபிறகுதான் கதவைத் திறந்தாள்.

மற்ற ஒழுங்குகளில் அவள் திணறவில்லை. வேட்டை என்ற சொல்லைக் கண்டதும் பயணக் காப்புறுதிக் கம்பனிகள் நழுவின. ஒவ்வொன்றின் நிபந்தனையையும் கடைசி வரி வரைக்கும் வாசித்து, மலையேற்றத்தையும் வேட்டையையும் ஏற்கிற ஒன்றைப் பிடித்தாள். சுஜீதனை இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நியூசிலாந்து விமான நிலையத்தில் சப்பாத்து அடியில் மண் இருந்தால் விடமாட்டார்கள் என்று அறிந்து, சப்பாத்துகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து வெயிலில் வைத்தாள். சுடுவது ஒரு ஆடு மட்டும், தலை வீட்டுச் சுவருக்கு வராது என்று சுஜீதனிடம் வாக்கு வாங்கினாள். துளசிகாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு தெரு தள்ளி இருந்த இரஞ்சிதம் அக்காவிடம் கேட்டாள்.

“பிள்ளையை நான் பாப்பன்,” என்றார் இரஞ்சிதம் அக்கா. “ஆனால் உமக்கு விசரே? இரண்டு பேரும் ஒரே மலையிலை ஏறினால், ஒண்டு நடந்தால் இந்தப் பிள்ளைக்கு ஆர்?”

கேட்டதற்காக அக்காவோடு சந்திரவதனாவால் கோபிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சிட்னிக்கு மேற்கே மலையில் இருக்கும் கட்டும்பாவுக்குப் போய், முதுகில் அரிசிப் பை கட்டிய பாரத்தோடு, பள்ளத்தாக்குப் படிகளில் இறங்கி ஏறினார்கள். முதல் இரண்டு தடவையும் சுஜீதன் பாதியிலேயே நின்றுவிட்டான். சந்திரவதனா மேலே ஏறி நின்று காத்திருப்பாள். மூன்றாம் தடவை அவன் கைப்பிடியைப் பிடித்தபடி இளைத்துக்கொண்டு நிற்க, அவள் இறங்கி வந்து, “முழங்கால் நோகுதோ? அடுத்த வருசம் போவமே?” என்றாள்.

“நீர் இதை நிப்பாட்டத்தான் பாக்கிறீர்,” என்றான் சுஜீதன். “முதல் ஹெலிகொப்டர் வேண்டாம் எண்டீர். பிறகு டொக்டர். இப்ப முழங்கால். இது என்ரை பயணம், சந்திரா. நீர் வராட்டியும் நான் போவன்.”

“நிப்பாட்ட நினைச்சிருந்தால் முதல் நாளே நிப்பாட்டியிருப்பன்.”

“பின்னை ஏன் இவ்வளவு கேள்வி?”

“கேள்வி கேட்டால்தான் எனக்கு மூச்சு விட ஏலுது.”

அதற்குப் பிறகு சுஜீதன் வேலைக்குப் போகுமுன் தெருவை நாலைந்து தரம் சுற்றி ஓடத் தொடங்கினான்.

சந்திரவதனா செய்த ஒரு பயிற்சி அவனுக்குத் தெரியாது. காயக்காரரைக் கொண்டுவரும் ஹெலிகொப்டர்கள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு வரும். அந்தச் சத்தம் கேட்கும் போதெல்லாம், யுத்தம் முடிந்து இவ்வளவு வருடமாகியும், அவள் யன்னலை விட்டு விலகிச் சுவரோடு போய் நிற்பாள். கையில் ஊசி இருந்தால் சத்தம் போகும்வரை குத்தமாட்டாள். இப்போது மத்தியானங்களில் அவள் வேண்டுமென்றே ஆஸ்பத்திரிப் பக்கத்துத் தெருவுக்கு நடந்து போய், மரமோ கூரையோ இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள். சில நாள் ஒன்றுமே வராது. வந்த முதல் நாள், அது தலைக்கு மேலே வருவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் ஓடிவிட்டாள். அங்கிருந்த ஒரு முதியவர் ஒதுங்கி இடம் விட்டார். இன்னொரு நாள் நின்று பார்த்தாள். சத்தம் தலைக்கு மேலே வந்ததும் நிலத்தில் குந்திவிட்டாள். நின்று முடித்த நாள் என்று ஒன்று வரவில்லை. பயண நாள் வந்துவிட்டது.

கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து காரில் போய் இறங்கியபோது றொஸ் பண்ணை வாசல் படலையடியில் நின்றார். நடக்கத் தொடங்குமுன், சுஜீதன் துவக்கோடு பழகவேண்டும் என்று தூரத்தில் ஒரு மட்டையை நட்டார். சந்திரவதனாவிடம் காதுக்கு மாட்டும் கவசத்தைக் கொடுத்தார்.

“தூரப் போய் நிற்கலாம்,” என்றார்.

“இல்லை. இங்கேயே நிற்கிறேன்.”

முதல் வெடி வெடித்ததும் அவள் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்குள் உப்புக் கரித்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள். றொஸ் அவளைப் பார்த்தார். தன் கழுத்தில் கிடந்த தூரக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். “குண்டு மட்டையில் எங்கே படுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.” இரண்டாம் வெடிக்கு அவள் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். “வலப்பக்கம். கொஞ்சம் கீழே,” என்றாள். சொன்னது சரியாக இருந்தது.

குடிலுக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். புல் பற்றைகள் உறைந்து, மிதிக்க நொறுங்கின. அதற்கு மேலே பனி. சப்பாத்துகளின் அடியில் இரும்பு முள்ளுப் பட்டைகளைக் கட்டி, ஆளுக்கொரு பனிக்கோடரியை றொஸ் கொடுத்தார். சுஜீதன் நன்றாக ஏறினான். ஓடிய ஓட்டம் வீண் போகவில்லை என்று அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

மத்தியானத்துக்குக் கிட்ட றொஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். எதிர்ப் பாறையில் ஒரு கிடாய். கறுத்த உடம்பு, வைக்கோல் நிறப் பிடரி. சுஜீதன் பனியில் குப்புறப் படுத்துத் துவக்கைத் தோளில் வைத்தான்.

“வேண்டாம்,” என்றார் றொஸ். “அந்த இடத்தில் விழுந்தால் எடுக்க முடியாது. பொறுங்கள்.”

அவர்கள் பொறுத்தார்கள். கிடாய் அசையவில்லை. மேற்குப் பக்கமிருந்து மேகம் மலை முதுகைத் தாண்டி வழியத் தொடங்கியது. றொஸ் அதை அடிக்கடி பார்த்தார். சுஜீதனின் தாடி மயிரில் மூச்சு உறைந்து வெள்ளையாகிவிட்டது.

“இஞ்சாருங்கோ, போதும். திரும்புவம்,” என்று சந்திரவதனா மெதுவாகச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம்.”

“மேகம் வருது.”

“இவ்வளவு தூரம் வந்திட்டம், சந்திரா.”

கிடாய் நடந்தது. பாறையை விட்டு இறங்கி, புல் உள்ள ஒரு தட்டையான இடத்துக்கு வந்து பக்கவாட்டாக நின்றது. “இப்போது,” என்றார் றொஸ். சந்திரவதனா தூரக்கண்ணாடியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டாள். வெடி மலை மலையாக இடித்துக்கொண்டு போனது. கிடாய் இரண்டு அடி வைத்து, முன்கால் மடிந்து, விழுந்து அப்படியே கிடந்தது. “விழுந்திட்டுது,” என்றாள். அவளுக்குச் சந்தோசமும் இல்லை, அருவருப்பும் இல்லை. ஆடு துடிக்காமல் செத்தது ஆறுதலாக இருந்தது. சுஜீதன் முகத்தைப் பனியில் வைத்தபடி கொஞ்ச நேரம் கிடந்தான்.

ஆடு கிடந்த இடத்துக்குப் போக ஒரு ஒடுக்கமான பனிச் சரிவைக் கடக்கவேண்டும். வெயில் படாத இடம்; பனி கண்ணாடிபோல் இறுகியிருந்தது. றொஸ் சந்திரவதனாவை ஒரு பெரிய பாறையடியில் நிறுத்தி, பீக்கனையும் வோக்கி டோக்கியையும் செம்மஞ்சள் நிறத் துணி விரிப்பு ஒன்றையும் அவளிடம் கொடுத்தார். பிறகு முன்னால் போய்க் கோடரியால் படி வெட்டிக்கொண்டே நகர்ந்தார். தான் சொன்ன பிறகு வந்தால் போதும் என்று சுஜீதனிடம் சொல்லியிருந்தார். சுஜீதன் நின்றுதான் பார்த்தான். ஆனால் மேகம் கீழே வருவதைக் கண்டு அவசரப்பட்டிருக்கவேண்டும். முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவதில் முள் பிடிக்கவில்லை.

அவன் சத்தம் போடவில்லை. பனியில் ஏதோ உரசிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது. சந்திரவதனா எட்டிப் பார்த்தபோது அவன் சரிவின் அடியில், கற்களுக்கு நடுவில் கிடந்தான். இடது கால் சரியான திசையில் இல்லை.

அவள் கீழே ஒரு அடி வைத்துவிட்டாள். வோக்கி டோக்கியில் றொஸின் குரல் வந்தது.

“சந்திரா, அங்கேயே நில்லுங்கள். நான் இறங்குகிறேன். நீங்களும் விழுந்தால் என்னால் இரண்டு பேரைப் பார்க்க முடியாது.”

றொஸ் கோடரியைக் குத்திக் குத்தி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சுஜீதனிடம் போய்க் குனிந்தார். பிறகு குரல் வந்தது.

“உயிருக்கு ஒன்றுமில்லை. நினைவோடு இருக்கிறார். கால் முறிந்திருக்கிறது, எலும்பு வெளியே தெரிகிறது. இரத்தத்தைக் கட்டுப்படுத்திவிட்டேன். ஆனால் இந்தக் குளிரில் அவர் கனநேரம் தாங்கமாட்டார். இந்தப் பள்ளத்திலிருந்து என் பீக்கன் செய்மதிக்கு எட்டாது, உங்களுடையதை அமத்துங்கள்.”

அவளுடைய பெருவிரல் பொத்தானில் இருந்தது. இதைப் பற்றி ஒரு வருடமாக யோசித்திருந்தாள். அமத்தினாள். சின்ன விளக்கு ஒன்று மின்னத் தொடங்கியது.

“அமத்திவிட்டேன்,” என்றாள்.

“நல்லது. இனி நீங்கள்தான் எனக்குக் கண். நாங்கள் இருக்கும் பள்ளம் வானத்தில் வருபவர்களுக்குத் தெரியாது. பாறையை விட்டு வெளியே வந்து திறந்த இடத்தில் நில்லுங்கள். சத்தம் கேட்டதும் துணியை விரித்துப் பிடியுங்கள். அவர்கள் முதலில் காணப்போவது உங்களைத்தான்.”

காத்திருந்தாள். மேகம் பள்ளத்தாக்கை மூடியது, விலகியது, திரும்ப மூடியது. றொஸ் இடைக்கிடை பேசினார். ஒருமுறை வோக்கி டோக்கியைச் சுஜீதனின் வாயடியில் பிடித்தார். “சந்திரா, குளிருது,” என்று மட்டும் அவன் சொன்னான். பல் அடித்தது. துளசிகா இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இரஞ்சிதம் அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டாள்.

முதலில் சத்தம் நெஞ்சுக்குள்தான் கேட்டது. பிறகு காதில். அவளுடைய உடம்பு அவள் சொல்லைக் கேட்கவில்லை. தானாகப் பாறையடிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. முழங்காலுக்குள் தலையை வைத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டாள். துணி விரிப்பு அவளுக்கு அடியில் கிடந்தது. சத்தம் மேலே வந்து, மேகத்துக்குள் சுற்றி, மெல்ல மெல்லக் குறைந்து தூரமாகிப் போனது.

“காணவில்லை,” என்றது றொஸின் குரல். “மேகத்தால் திரும்பிப் போகிறார்கள்.”

வாழ்க்கையில் எத்தனையோ தடவை அந்தச் சத்தம் போகவேண்டும் என்று அவள் கும்பிட்டிருக்கிறாள். போனதும் மூச்சு விட்டிருக்கிறாள். இப்போது அது போகப் போக அவளுக்குள் வேறு ஒரு பயம் ஏறியது. எழும்பி வெளியே ஓடினாள். “வாங்கோ, இஞ்சை, இஞ்சை,” என்று மேகத்தைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். மலையில் அவளுடைய குரலைத் தவிர ஒன்றுமில்லை.

“திரும்பி வருவார்களா?” என்று றொஸிடம் கேட்டாள்.

“மேகம் விட்டால் வருவார்கள். சந்திரா, நீங்கள் வெளியிலா நின்றீர்கள்?”

“இல்லை,” என்றாள். “உள்ளே போய்விட்டேன். இனிப் போகமாட்டேன்.”

துணியின் இரண்டு மூலைகளைச் சேர்த்துக் கோடரியால் பனியில் குத்தி இறுக்கினாள். மற்ற இரண்டு மூலைகளையும் தன் கை மணிக்கட்டுகளில் சுற்றிக் கட்டினாள், ஓடினாலும் துணி இழுத்துப் பிடிக்கட்டும் என்று. கால்களை அகட்டி ஊன்றினாள். விரல்களில் உணர்வு போய்விட்டது. கீழே பார்த்தால் சுஜீதனின் நீலச் சட்டை தெரிந்தது. றொஸ் தன் மேற்சட்டையைக் கழற்றி அவன்மேல் போட்டு, தானும் அவன் பக்கத்தில் ஒட்டிப் படுத்திருந்தார்.

பள்ளத்தாக்கின் வாயில் மேகம் கிழிந்தபோது சத்தம் திரும்ப வந்தது. இந்தமுறை அது நேரே அவளை நோக்கி வந்தது. சிறுநீர் சொட்டியது. அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள். ஊர்க் கோயில் அம்மாளாச்சியின் பெயரைச் சொன்னாள். பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல், கிளினிக்கில் பயந்த ஆட்களுக்குச் சொல்வதைத் தனக்கே சொன்னாள்: “மூச்சை எடுங்கோ. விடுங்கோ. அசையாதேங்கோ.” காற்று பனியைக் கிளப்பி முகத்தில் அடித்தது. துணி வெடித்து வெடித்து அடித்தது. அவள் நின்றாள். கதவடியில் ஒரு மனிதன் குனிந்து அவளைப் பார்த்துக் கையைக் காட்டினான். அவள் ஒரு கையைத் துணியிலிருந்து விடுவித்துக் கீழே, பள்ளத்தைக் காட்டினாள்.

சுஜீதனைக் கம்பிக் கயிற்றில் தூக்கினார்கள். பிறகு சற்று மேலே இருந்த தட்டையில் ஹெலிகொப்டர் இறங்கியது. மீட்புக்காரன் வந்து, தலையைக் குனியச் சொல்லி, அவளுடைய கையைப் பிடித்தான். சுற்றும் விசிறிக்குக் கீழே அந்தச் சில அடி தூரத்தை அவள் எப்படி நடந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. உள்ளே சுஜீதன் கண்ணைத் திறந்து அவளைக் கண்டான்.

“நீர் இதுக்குள்ளையோ?” என்றான்.

“கதையாதேங்கோ,” என்று அவனுடைய கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

காலில் தகடு வைத்தார்கள். விமானத்தில் ஏற டொக்டர் விடும்வரை கிறைஸ்ட்சேர்ச்சில் தங்க வேண்டியிருந்தது. காலநிலை தெளிந்ததும் றொஸ் ஒரு நண்பரோடு மலைக்குத் திரும்பிப் போய், குளிரில் கெடாமல் கிடந்த ஆட்டை வெட்டி இறைச்சியை இறக்கினார். ஒரு பங்கை அவளிடம் கொண்டுவந்தார். நகரத்தில் ஒரு இந்தியக் கடையில் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் வாங்கி, றொஸின் வீட்டுக் குசினியில் சந்திரவதனா கறி வைத்தாள். கடும் இறைச்சி, வேக நேரமெடுத்தது. ஒரு பாத்திரத்தில் சோறும் கறியுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சுஜீதன் இரண்டு வாய் சாப்பிட்டு நிறுத்திவிட்டான்.

“நான் அவசரப்பட்டிட்டன்,” என்றான். “பிள்ளையை நினைச்சிருக்க வேணும்.”

“ஓம்,” என்றாள் அவள். அவனைத் தேற்ற அவள் முயலவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான். “றொஸ் சொன்னவர், நீர் துணியைக் கையிலை கட்டிக்கொண்டு நிண்டனீராம். ஏன் கட்டினனீர்?”

“ஓடிடுவன் எண்டு பயந்து.”

சுஜீதன் யன்னல் பக்கம் பார்த்தான். பிறகு திரும்பினான். “அங்கை என்ன நடந்தது, சந்திரா? தம்பி தண்ணிக்குப் போன அண்டைக்கு. நீர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.”

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை.”

“கேட்டால் உமக்கு நோகும் எண்டு நினைச்சன்.”

“நோகுந்தான்,” என்றாள் சந்திரவதனா. கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி ஓரத்தில் வைத்தாள். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.